மறுக்கத் தெரியாத பழுப்பு வில்லைகள்

'புவேர்ட்டோ ரிக்கோ'வை நான் முதன்முதலில் ஆடியது ஜார்ஜ் டவுனில், நண்பன் வீட்டில். விதிகளை அவன்தான் விளக்கினான். "கப்பல்ல ஆளுங்க வருவாங்க. இந்தப் பழுப்பு வில்லைதான் ஆளு. எடுத்துக் கரும்புத் தோட்டத்துல வை. ஆள் இல்லாத தோட்டம் விளையாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் வீடு பைராம் தோட்டத்தில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறையின் இந்தப் பக்கத்துக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தது கரும்பு வெட்டத்தான். ரப்பர் பிறகு வந்தது, செம்பனை அதற்கும் பிறகு. ஆக, அந்த வில்லை எனக்குச் சொந்தக்காரன். ஆனாலும் அன்றைக்கு ரசித்துத்தான் ஆடினேன். ஜெயித்ததும் நான்தான்.

ஆண்ட்ரியாஸ் செய்ஃபார்ட் வடிவமைத்து 2002இல் வெளியான இந்தப் போர்டு கேம் ஒரு கிளாசிக். பகடை கிடையாது. தோல்விக்கு அதிர்ஷ்டத்தைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அந்த வில்லைகளின் பெயர் 'குடியேறிகள்'. பழுப்பு நிறத்தில் கப்பலில் வந்து இறங்கி, கூலி இல்லாமல் உழைப்பவர்களை வரலாறு வேறு பெயரில் அழைக்கிறது. விமர்சனங்களுக்குப் பிறகு, 2022இல் 'புவேர்ட்டோ ரிக்கோ 1897' வந்தது. அந்தத் தீவில் அடிமைமுறை ஒழிந்தது 1873இல். கதையின் காலத்தை அதற்குப் பின்னால் நகர்த்தி, வில்லைகளைத் 'தொழிலாளர்கள்' ஆக்கினார்கள். ஆட்டம் பெரும்பாலும் பழையதுதான். வில்லை இப்போதும் கூலி கேட்பதில்லை, மறுப்பதில்லை.

இதைத் திட்டுவது சுலபம். மாற்றாக ஒன்றைச் செய்து காட்டுவோம் என்று நான் இறங்கினேன். பகலில் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. இரவில் அட்டை வெட்டுவது, பசை ஒட்டுவது, கணக்குப் போடுவது. என் ஆட்டத்தின் பெயர் 'நிரை'. ஆடுபவர்தான் பால்மரம் சீவுபவர். விடியுமுன் பெரட்டு, பிறகு தன் நிரை, வெயில் ஏறுமுன் மங்கிலிருந்து பாலை எடுத்து ஸ்டோரில் சேர்ப்பது.

நண்பர்கள் மரியாதையாக ஆடினார்கள். மரியாதையைவிட மோசமான விமர்சனம் இல்லை. கடைசியில் ஒருவன் வாயைத் திறந்தான்: "பாவமா இருக்குடா, ஆனா ஜாலியா இல்ல. என்னைத் தொரையா ஆட விடேன்." விட்டேன். அந்த நிமிடமே மேசை கலகலப்பானது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு விளையாட்டின் கருத்து அதன் படங்களில் இல்லை, விதிகளில் இருக்கிறது. சுருக்கெழுத்தாளராக வேலை பார்த்த எலிசபெத் மேகி, நிலவுடைமையின் அநியாயத்தைக் காட்ட ஒரு விளையாட்டைச் செய்து 1904இல் காப்புரிமை பெற்றார். அதற்கு இரண்டு விதிமுறைகள்: ஒன்றில் செல்வம் எல்லோருக்கும், இன்னொன்றில் ஒருவருக்கே. உலகம் இரண்டாவதை வைத்துக்கொண்டு 'மோனோபொலி' என்று ஆடுகிறது. என் மேசையிலும் அதுதான் நடந்தது.

ஒருநாள் பாட்டி அட்டைகளைப் புரட்டிப் பார்த்தார். முப்பது வருடம் மரம் சீவியவர்.

"மழ பேஞ்சா என்னடா?"

"ஒரு சுற்று போச்சு, பாட்டி."

"போச்சா? மழையன்னிக்குத்தாண்டா எங்களுக்கு வேலையே. எவ வீட்ல அரிசி இல்ல, இந்த மாசக் கூட்டு யாருக்கு, கிராணி யாரு பாலைக் கொறைச்சு எழுதுனான், எல்லாம் அன்னிக்குத்தான் பேசி முடிப்போம்."

அப்போதுதான் என் தவறு புரிந்தது. தொழிலாளிக்கு எதையும் தேர்ந்தெடுக்கும் இடம் இல்லை என்று நான் நினைத்தது, வேலை நேரத்தை மட்டும் பார்த்ததால். 'புவேர்ட்டோ ரிக்கோ'வும் அப்படித்தான் பார்க்கிறது: தோட்டத்தில் வைத்தால்தான் வில்லைக்கு உயிர். நம் தோட்டக் கதைகள் பலவற்றுக்கும் இதே குறை உண்டு. அவற்றில் தொழிலாளி துன்பப்பட மட்டுமே வருகிறார். அவர் கணக்குப் போடுவதும் பேரம் பேசுவதும் ஏமாற்றுவதும் அபூர்வம்.

இப்போது மழைதான் ஆட்டத்தின் நடு. மழைச் சுற்றில் எல்லோரும் பேசிக் கூட்டுப் பணத்தை யாருக்குத் தருவது என்று முடிவெடுக்க வேண்டும். இது பதினான்காவது பிரதி. இன்னும் இரண்டு மணிநேரம் இழுக்கிறது, கொட்டாவி நிற்கவில்லை. ஆனால் போன வாரம், துரையாக ஆடக் கேட்ட அதே நண்பன், தன் முறையை விட்டுக்கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டான். மேசையில் பெரிய சண்டை. நான் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டேன்.