புனலும் தாளும் தராசும்

பினாங்கின் ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு, அதன் பழைய கடைவீடுகள் பலவற்றில் புதுவகைக் காப்பிக்கடைகள் திறந்தன. கண்ணாடிக் குடுவைமேல் கூம்புப் புனலை வைத்து, தாளில் பொடியிட்டு, வெந்நீரைச் சுழற்றி ஊற்றி வடிக்கும் ‘போர்-ஓவர்’ காப்பி அங்கிருந்து இப்போது வீடுகளுக்கும் வந்துவிட்டது. நம் தமிழ்க் குடும்பங்களிலும் பித்தளை பில்டருக்குப் பக்கத்தில் ஜப்பானியப் புனல் உட்கார்ந்திருக்கிறது. இந்த மாற்றத்தைப் பெரும்பகுதி வரவேற்கிறேன். ஆனால் அதைச் சூழ்ந்து வளரும் சில நம்பிக்கைகளை ஏற்க முடியவில்லை.

அவற்றில் முதலாவது, இது பினாங்குக்குப் புத்தம்புதிய கலை என்பது. சீனர் கோப்பிக்கடையில் துணிப்பையில் பொடியைப் போட்டு, நீண்ட மூக்குள்ள பாத்திரத்திலிருந்து கொதிநீர் ஊற்றித்தான் ‘கோப்பி ஓ’ என்ற கறுப்புக் காப்பி பிறக்கிறது. நம் பில்டரும் மேலிருந்து கீழே சொட்டுகிற கருவிதான். துணி மட்டம், தாள் உயர்வு என்பதும் நிற்காது. ஜப்பானில் துணியில் வடிக்கும் ‘நெல் டிரிப்’ முறையைத் தேர்ந்த கைத்திறனாக மதிக்கிறார்கள். உண்மையான வேறுபாடு கொட்டையில் இருக்கிறது. கோப்பிக்கடைக் கொட்டை பெரும்பாலும் ரொபஸ்டா அல்லது லைபெரிக்கா; சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்தது. கெட்டிப்பாலை எதிர்த்து நிற்க அந்தக் கசப்பும் அடர்த்தியும் வேண்டும். அதே பொடியைப் போர்-ஓவர் புனலில் போட்டால் கருகல் மட்டுமே மேலே வரும்.

தாளின் பெருமையைக் குறைத்துச் சொல்லவில்லை. 1908இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி, மகனின் நோட்டுப் புத்தகத்து ஒற்றுத்தாளைத் துளையிட்ட பித்தளைப் பாத்திரத்தில் வைத்து வடித்தபோது, கோப்பையில் வண்டல் விழுவது நின்றது. அவர் தொடங்கிய நிறுவனம் இன்றும் இருக்கிறது. தாள் வண்டலோடு எண்ணெயையும் பிடித்துக்கொள்கிறது. அந்த எண்ணெயிலுள்ள கஃபெஸ்டால் இரத்தத்தில் கெட்ட கொழுப்பை உயர்த்தக்கூடியது. நம் பில்டரின் உலோகத் துளைத்தட்டு எண்ணெயை அவ்வாறு தடுப்பதில்லை. கொழுப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எச்சரித்த ஒருவர் நாளைக்கு நாலு காப்பி குடிப்பவராக இருந்தால், தாள் வடிப்புக்கு மாறுவது பொருளுள்ள முடிவு.

செய்முறை கடினமில்லை, கவனம் மட்டும் கேட்கும். 15 கிராம் பொடிக்கு 240 கிராம் தண்ணீர். தாளை முதலில் வெந்நீரில் நனைத்துத் தாள்வாடையைப் போக்க வேண்டும். பொடியின்மேல் 40 கிராம் வெந்நீர் ஊற்றி அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஊறவிட்டால், வறுக்கும்போது கொட்டைக்குள் தங்கிய கரியமில வாயு குமிழியிட்டு வெளியேறும். அது போகாவிட்டால் தண்ணீர் பொடிக்குள் சீராக இறங்காது. மீதியை இரண்டு மூன்று தவணையாக ஊற்றி, ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் முடிக்கலாம். காப்பியிலிருந்து புளிப்பு முதலில் கரையும், இனிப்பு அடுத்து, கசப்பு கடைசியில். ஆகவே வடிப்பு இரண்டு நிமிடத்துக்குள் முடிந்து புளித்தால் பொடியை இன்னும் நைசாக அரைக்க வேண்டும். நான்கு நிமிடம் இழுத்துக் கசந்தால் கரகரப்பாக்க வேண்டும். காரணம் தெரிந்து திருத்த முடிவதுதான் இம்முறையின் முதல் சிறப்பு என்பேன். 2016இல் உலகக் காப்பி வடிப்புப் போட்டியில் வென்ற ஜப்பானியர் டெட்சு கசுயா, 20 கிராம் பொடிக்கு 300 கிராம் நீரை ஐந்து சம பங்காக ஊற்றும் முறையைப் பரப்பினார். முதல் இரண்டு ஊற்றல் புளிப்பு-இனிப்புச் சமநிலைக்கு, மற்ற மூன்றும் அடர்த்திக்கு. வீட்டில் பழகத் தொடங்குபவருக்கு இதைவிடத் தெளிவான பாடத்திட்டம் இல்லை.

பணம் தவறான இடத்தில் போவதுதான் பெரிய குறை. கடையில் கண்ணைப் பறிப்பது பீங்கான் புனலும், வெப்பநிலை காட்டும் வளைகழுத்துக் கெட்டிலும். ஜப்பானிய ஹரியோ வி60 புனலின் மலிவான பிளாஸ்டிக் வடிவம், சூடேற்றாத பீங்கானைவிடக் குறைந்த வெப்பத்தையே உறிஞ்சும். காப்பிக்கு அதுவே நல்லது. கொதித்த நீரை மூடி திறந்து ஒரு நிமிடம் வைத்தாலே வேண்டிய சூடு கிடைத்துவிடும். ஆனால் அரைப்பதில் சிக்கனம் கூடாது. மிக்சியின் கத்தி தூளும் நொய்யுமாக வெட்டிப்போடும். தூள் கசக்கும், நொய் புளிக்கும், இரண்டும் ஒரே கோப்பையில் சேரும். பற்களுக்கிடையே நசுக்கி ஒரே சீராக அரைக்கும் கைக் கிரைண்டரை முதலிலும், சமையல் தராசை அடுத்தும் வாங்க வேண்டும். மற்றவை பிறகு.

பால் சேர்ப்போருக்கு இம்முறை ஒத்துவராது. போர்-ஓவர் கோப்பையில் கரைந்திருக்கும் காப்பி நூற்றுக்கு ஒன்றரைப் பங்குகூட இல்லை. பால் விழுந்தால் மணம் அமிழ்ந்துவிடும். பாலுக்கென்றே உருவானது டிகாக்‌ஷன், அங்கே சிக்கரி கலந்த பொடியும் பித்தளை பில்டரும் அசைக்க முடியாதவை. ஒரு தடவைக்கு ஓரிரு கோப்பைதான் என்பதால் ஞாயிற்றுக்கிழமை விருந்தினர் நிறைந்த வீட்டில் போர்-ஓவர் எல்லோரையும் காக்கவைக்கும். வடித்துக் கொடுப்பவர் உட்காரவே மாட்டார்.

எனக்குள்ள பெரிய வருத்தம் கொட்டையைப் பற்றியது. வீட்டில் வடிப்பவர் பலர் எத்தியோப்பியா, கென்யா பொட்டலங்களைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. 1869இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் அரபிகாத் தோட்டங்களை அழித்த பிறகு, நோயையும் தாழ்நில வெப்பத்தையும் தாங்கும் என்று லைபெரிக்கா ஆசியாவில் பரவியது. ரப்பருக்கு முன் மலாயாத் தோட்டங்களில் காப்பி பயிரானது. அங்கே உழைத்தவர்களில் நம் முன்னோரும் உண்டு. இன்றும் ஜொகூரில் லைபெரிக்கா விளைகிறது. சர்க்கரையும் மார்ஜரினும் சேர்க்காமல் இளம்பதமாக வறுத்தால் லைபெரிக்காவில் பலாப்பழ மணம் எழும். இந்த நாட்டுக் கொட்டையின் இயல்பான சுவையை வீட்டிலேயே அறியத் தாள் வடிப்பு வழி திறந்திருக்கும்போது, அதை இறக்குமதிக்கு மட்டும் ஒதுக்குவது நியாயமில்லை.

பினாங்கின் ஈரக் காற்றில் திறந்த பொட்டலம் விரைவில் மணமிழக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அடிக்கடி எடுத்தால் கொட்டையில் நீர் பூக்கும். ஆகவே 200 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வறுத்த தேதி அச்சிடாத பொட்டலத்தைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். அடுத்த முறை ஜொகூர் லைபெரிக்கா கேட்டுப் பாருங்கள்.