முதலில் முதுகைப் பாருங்கள்

பிடித்த நாவலின் அட்டையில் இருக்கும் பெண்ணின் உடையைத் தைத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் புத்தகத்தையும் கையில் பிடித்தபடி எடுத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். பலரும் அட்டையையும் உடையையும் மாறி மாறிப் பார்த்து, ‘அச்சு அசலா இருக்கே’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது பாதி ரசனைதான். அட்டையில் ஒரு பக்கம்தான் தெரியும். உடுத்துகிறவளுக்கோ முதுகு உண்டு, நடக்கவும் உட்காரவும் வேண்டும். ஓவியர் விட்டுவிட்ட இடத்தைத் தைத்தவர் எப்படி நிரப்பினார் என்பதில்தான் சுவாரஸ்யமே.

‘அன்னா கரீனினா’வை எடுத்துக்கொள்வோம். டால்ஸ்டாயின் இந்த நாவலுக்குப் பல பதிப்பகங்கள் ஒரே ஓவியத்தைத்தான் அட்டையில் போட்டிருக்கின்றன: இவான் கிராம்ஸ்கோய் 1883இல் வரைந்த ‘பெயர் தெரியாத பெண்’. பீட்டர்ஸ்பர்க் நகரின் நெவ்ஸ்கி சாலையில், திறந்த குதிரை வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள். கருநீல மேலங்கி, ஓரமெல்லாம் மென்மயிர், நீல ரிப்பன், வெள்ளை இறகு வைத்த தொப்பி, கைகளை நுழைத்துக்கொள்ளும் மயிர் உறை, தங்கக் காப்பு. யார் இவள் என்பதை ஓவியர் சொல்லாமலே போய்விட்டார். நாவல் தொடராக வந்தது 1875 முதல் 1877 வரை. இவளை அன்னாவோடு முடிச்சுப் போட்டது பின்னால் வந்தவர்கள். (முடிச்சுக்கு ஒரு சாக்கும் உண்டு. 1873இல், டால்ஸ்டாய் இந்த நாவலைத் தொடங்கிய ஆண்டில், அவரை உட்காரவைத்து வரைந்தவர் இதே கிராம்ஸ்கோய்.)

இந்த அட்டையைப் பார்த்துத் தைத்த உடை எதிரே வந்தால், பின்னால் போய் நில்லுங்கள். படத்தில் அவள் முதுகு இருக்கைப் பக்கம். பின்புறம் எப்படி, நின்றால் துணி எப்படி விழும் என்பதற்கு ஓவியத்தில் விடை இல்லை. தைப்பவர் அந்தக் காலத்து உடைகளைத் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 1870களின் முற்பாதியில் ஐரோப்பியப் பெண்களின் பாவாடை இடுப்புக்குப் பின்னால் புடைத்து நின்றது. அந்த அமைப்புக்குப் பஸில் என்று பெயர். பிறகு சில ஆண்டுகள் புடைப்பு அடங்கி, உடை தொடை வரை உடம்போடு ஒட்டி இறங்கியது. 1883 வாக்கில் பஸில் திரும்பி வந்தது, முன்னைவிட விறைப்பாக. ஆகவே தைத்தவர் நாவலின் காலத்தைப் பிடித்தாரா, ஓவியத்தின் காலத்தையா என்பதைப் பின்புறம் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டுமே சரிதான். ஜிப் வைத்து நேராக இறக்கிவிட்ட பாவாடை என்றால், அட்டையோடு நின்றுவிட்டார்.

அடுத்தது துணி. மேலங்கியை வெல்வெட்டில் தைத்திருந்தால், அதை ஒரு திசையில் தடவினால் வெளிறும், எதிர்த்திசையில் தடவினால் கறுக்கும். அதனால் எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வைத்து வெட்ட வேண்டும். துணியை மிச்சம் பிடிக்க ஒரு கையை மட்டும் தலைகீழாக வைத்து வெட்டினால், விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கை வேறு தானில் எடுத்தது போலத் தெரியும். மென்மயிர் இப்போது பெரும்பாலும் செயற்கை. அதைச் சாதாரணத் துணிபோலக் கத்தரித்தால் ஓரத்து மயிரெல்லாம் மொட்டையாகிவிடும். திருப்பிப் போட்டு, அடித்துணியை மட்டும் பிளேடால் கீற வேண்டும். தைத்தபின், தையலுக்குள் சிக்கிய மயிரை ஊசிமுனையால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துவிட வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. அனுமதி கேட்டு, காலரில் விரலை ஓட்டிப் பாருங்கள். இணைப்பு விரலுக்குத் தட்டுப்பட்டு, கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் தேர்ந்த கை.

நிறத்துக்காகச் சண்டை போடாதீர்கள். பதிப்புக்குப் பதிப்பு அந்த நீலம் மாறும். சிலவற்றில் கறுப்பாகவே அச்சாகியிருக்கும்.

சிலர் அட்டையை ஒதுக்கிவிட்டு நாவலுக்குள் இருக்கும் அன்னாவைத் தைப்பார்கள். நடன விருந்துக்கு அவள் ஊதா நிறத்தில் வருவாள் என்று நாவலில் வரும் இளம்பெண் கிட்டி எதிர்பார்க்கிறாள். அன்னாவோ கறுப்பு வெல்வெட்டில், வெனிஸ் லேஸோடு, கூந்தலில் சிறு பூச்சரத்தோடு நிற்கிறாள். உடையைத் தாண்டி அவள்தான் கண்ணில் படுகிறாள் என்பது டால்ஸ்டாயின் கணக்கு. அந்த உடையில் லேஸ் முந்திக்கொண்டு கண்ணைப் பறித்தால் தையல் தோற்றது. அட்டைப் பெண்ணின் கதை நேர்மாறு. தலை முதல் விரல் வரை அன்றைய புது மோஸ்தர். அந்தப் பகட்டைப் பார்த்தே, கௌரவமான வீட்டுப் பெண்ணாக இருக்க முடியாது என்று அக்கால விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். அவளைத் தைக்கிறவர் அடக்கி வாசித்தால் எனக்கு ஏமாற்றமாக இருக்கும். ரிப்பன் ஒன்று கூடுதலாகவே இருக்கட்டும்.

அட்டை ஒன்றுமே தராத புத்தகங்களும் உண்டு. ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ நாவலின் 1908 முதல் பதிப்பு அட்டையில் இருந்தது ஒரு பெண்ணின் தலை மட்டும். அதுவும் தையல் பேட்டர்ன் விற்ற பட்டரிக் நிறுவனத்தின் ‘டெலினியேட்டர்’ இதழில் முன்பே வந்த படம்! நாயகி ஆன் ஏங்கி ஏங்கிப் பெற்ற, பஃப் கை வைத்த பழுப்பு உடை உள்ளே, எழுத்தில்தான் இருக்கிறது. யாராவது அந்தப் பழுப்பு உடையைத் தைத்து வந்தால் கையில் பஃப் எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றே ஒன்று என்றால் கேள்விஞானத்தில் தைத்தது. முழங்கை வரை நீண்ட பட்டி, அதற்கு மேல் இரண்டு பஃப், நடுவே வரிவரியாகச் சுருக்கம், பழுப்புப் பட்டு ரிப்பனில் முடிச்சு என்று இருந்தால், அந்தப் பக்கத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு தைத்திருக்கிறார்.