பதிலி வழங்கிகளில் பதிப்பும் பயனர் அடையாளமும்: ஒரு திறனாய்வு

உலாவிக்கும் இணையத்தள வழங்கிக்கும் நடுவில் நின்று கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் கணினியே பதிலி வழங்கி ஆகும். வழக்கில் இதனை ப்ராக்சி என்பர். கல்லூரி, அலுவலக வலையமைப்புகளில் இது பரவலாக உள்ளது.

பதிப்பு எண்

எச்.டி.டி.பி.யின் 1.0, 1.1 பதிப்புகளில் ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு பதிப்பு எண்ணைத் தாங்கி வருகிறது. அதனை அப்போது அனுப்புபவரின் திறனையே அந்த எண் குறிக்கும். ஆகவே பதிலி வழங்கி, பெற்ற எண்ணை அப்படியே கடத்தாமல் தன் எண்ணை இட வேண்டும். 1997இல் வெளியான ஆர்.எப்.சி. 2145 இதைத் தெளிவாக்கியது. 1.0 பதிப்பில் பதில் வந்ததும் இணைப்பு முடிவது இயல்பு; 1.1இல் தொடர்வது இயல்பு.

அடையாளச் சரிபார்ப்பு

இணையத்தளம் கடவுச்சொல் கேட்டால் 401 என்ற எண்ணும், பதிலி வழங்கி கேட்டால் 407 என்ற எண்ணும் வரும். எச்.டி.டி.பி.யின் அடிப்படைக் கொள்கைப்படி ஒவ்வொரு கோரிக்கையும் தனித்து நிற்பது. தன் அடையாளத்தைத் தானே சுமப்பது.

குறை எங்கே?

மைக்ரோசாப்ட்டின் என்.டி.எல்.எம். முறை இக்கொள்கையை மீறியது. அது கோரிக்கைக்குப் பதிலாக இணைப்பையே அடையாளமாக்கியது. தேர்வறையில் நுழைவுச் சீட்டைப் பாராமல், மேசையைப் பார்த்து வருகை குறிப்பதற்கு இது ஒப்பாகும். இதனால் இரு கேடுகள் விளைகின்றன. நடுவிலுள்ள பதிலி வழங்கி இணைப்பை இடையில் முடித்துவிட்டால், சரியான கடவுச்சொல்லைத் தந்தாலும் உலாவி மீண்டும் மீண்டும் கேட்கும்; பயனர் தம்மையே நொந்துகொள்வார். மற்றொன்று இதனினும் பெரிது. ஒரே இணைப்பைப் பதிலி வழங்கி பலருக்கும் பகிர்ந்தால், ஒருவரின் பெயரில் இன்னொருவர் உள்ளே போய்விடலாம்.

2006இல் வந்த ஆர்.எப்.சி. 4559, சரிபார்க்கப்பட்ட இணைப்பைப் பிறருக்குப் பகிரலாகாது என எச்சரிக்கிறது. ஆனால் அந்தச் சுமை பதிலி வழங்கியின் தலையில் விழுகிறது. பிழை வடிவமைப்பினுடையது, காவல் மட்டும் இடைநிற்பவருக்கா? 2022இன் ஆர்.எப்.சி. 9110 இம்முறையைச் சுட்டிக் குறை கூறியது பொருத்தமானதே.

மதிப்பீடு

எச்.டி.டி.பி.எஸ். வழியில் பதிலி வழங்கி பெரும்பாலும் வெறும் சுரங்கப்பாதையாகவே நிற்பதால் இந்த இடர் இன்று குறைந்துள்ளது. எனினும் மறையாக்கத்தை நடுவில் பிரித்துப் பார்க்கும் அமைப்புகளில் அது திரும்ப வரக்கூடும். பதிப்பு எண் அடுத்த படி வரைக்கும் உரியது. அடையாளமோ கோரிக்கைக்கு உரியது. மாணவர்கள் இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்தினால் மற்றவை எளிதில் விளங்கும்.