இன்பத்தின் அளவையும் கெடாவின் கள்ளுக்கடை மறியலும்

இன்பத்தை அளக்க இயலுமா என்னும் வினாவுக்குப் பொருளியலும் உளவியலும் வெவ்வேறு விடைகள் தருகின்றன. பெந்தாம் 1789-இல் செறிவு, கால அளவு, உறுதிப்பாடு முதலிய ஏழு கூறுகளால் இன்பத்தைக் கணக்கிட முயன்றார். 1938-இல் சாமுவேல்சன், மக்கள் வாங்கும் பொருள்களைக் கொண்டே அவர்தம் விருப்பத்தை அறியலாம் என்றார். உளவியலறிஞர் கானமன், தெரிவில் வெளிப்படும் விருப்பத்தையும் துய்க்கும் கணத்தில் பெறும் இன்பத்தையும் வேறு பிரித்தார். ரெடல்மையருடன் அவர் 1996-இல் வெளியிட்ட ஆய்வு, நோயாளிகள் சோதனையின் வலியை உச்ச வலியாலும் இறுதி வலியாலுமே பெரிதும் நினைவுகூர்ந்தனர் எனக் காட்டியது.

இவ்வளவைகளைக் கெடா வரலாற்றில் பொருத்திப் பார்ப்போம். 1941 டிசம்பரில் ஜித்ரா அரண் உடைந்தபோது பிரிட்டிஷாரின் பெருமிதமும் உடைந்தது. போருக்குப் பின் திரும்பிய ஆட்சியைத் தோட்டத் தொழிலாளர் பலர் பழைய அச்சத்துடன் நோக்கவில்லை. பீடோங் வட்டாரத்தில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளை மூடக்கோரி மறியல் செய்தது. 1947-இல் காவல்துறையினருடன் மோதல்கள் மூண்டன. தொழிலாளர் உயிரிழப்பும் நேர்ந்தது.

கள் விற்பனைக் கணக்கை மட்டும் நோக்குவோர், தொழிலாளர் கள்ளையே விரும்பினர் என்பர். அருந்தும் வேளையில் வினவினாலும் இன்பம் என்றே விடை கிடைத்திருக்கும். ஆயின், கடையை மூடுக என்ற குரலும் அதே தொழிலாளரிடையேதான் எழுந்தது. கூலி போதுமானதா, களைப்பாற வேறு வழி இருந்ததா, வீட்டில் அடுப்பெரிந்ததா என்னும் வினாக்கள் அவ்விரு அளவைகளுக்கும் அப்பாற்பட்டவை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உவகைக்குச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. அவ்வுவகை அல்லல் நீங்கியதாக இருத்தல் வேண்டும் என்றும் வரையறுக்கிறது. இது இலக்கிய மெய்ப்பாட்டுக்குரிய இலக்கணமே, அளவுகோல் அன்று. எனினும், ஒருவர் இன்பத்தை மதிப்பிடுங்கால் அதனோடு ஒட்டிய அல்லலையும் உடன் நோக்க வேண்டும் என்னும் தெளிவை நாம் இதிலிருந்து பெறலாம்.

மறியல், குடிக்க விரும்பிய பிறரையும் தடுத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆகவே அதனையே முடிந்த அளவையாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும், தம் இன்பத்தைத் தாமே எடைபோட்டு இது வேண்டா எனக் கூறும் ஆற்றல் எளிய மக்களுக்கும் உண்டு என்பதை அது மெய்ப்பித்தது. அத்தீர்ப்புக்கு இடமளிக்காத அளவை, எத்துணை நுட்பமாயினும், குறையுடையதே என்பது நம் துணிபு.