பீச் பழங்கள் இருக்கும் மேசை

மாஸ்கோவுக்கு வடக்கே அப்ராம்ட்செவோ பண்ணை வீட்டின் சாப்பாட்டு அறையில், 1887இல், வாலன்டின் செரோவ் வரைந்த ஓவியம் ‘பீச் பழங்களுடன் சிறுமி’. வீட்டுக்காரர் சாவா மாமன்டோவின் 11 வயது மகள் வேரா மேசையருகே உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னல் வெளிச்சம் வெள்ளை விரிப்பில் நீலமாகவும் சாம்பலாகவும் கசிகிறது. பீச் பழத்தின் மெல்லிய சுணை விரலிலேயே படுகிறது. ஒரு மாதத்துக்கும் மேலாக அவளை உட்காரவைத்து வரைந்தார் செரோவ். ஓடியாடும் வயதில் எவ்வளவு பொறுமை!

மாமன்டோவ் குடும்பத்தின் கொடையாக நான் கொண்டாடுவது அந்த அவசரமில்லாத நாட்களைத்தான். சாவாவின் மனைவி எலிசவெத்தா மாமன்டோவா அதே பண்ணையில் நடத்திய தச்சுப் பட்டறையில் கிராமத்துப் பையன்கள் உளி பிடித்து மரத்தில் பூவேலை செதுக்கப் பழகினார்கள். மண்பாண்டப் பட்டறையிலோ ஓவியர் விரூபெல், ஈரக் களிமண்ணைப் பிசைந்து, மெருகு பூசி, சூளை என்ன நிறம் தரப்போகிறதென்று காத்திருந்தார். அவர் செய்த வண்ண ஓட்டு இருக்கை பண்ணைத் தோட்டத்தில் உண்டு.