யாரு இந்தக் குடிமகன்?

'ஸ்மார்ட் சிட்டி' என்று நூறு நகரங்களுக்கு ஒன்றிய அரசு 2015 ஜூனில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2025 மார்ச்சோடு அதை முடித்தும்விட்டது. தமிழ்நாட்டில் 11 நகரங்கள். இந்த 'ஸ்மார்ட்'டைத் தமிழாக்கிய நம்ம அதிகாரிகள் ஓரிடத்தில் 'பொலிவுறு நகரம்' என்றார்கள், இன்னோரிடத்தில் 'சீர்மிகு நகரம்' என்றார்கள். அறிவைக் கழற்றிப் போட்டுவிட்டு அழகை மாட்டியிருக்கிறார்கள். இது பிழை என்று தமிழாசிரியர்கள் சொல்லக்கூடும். எனக்கென்னவோ மூலத்தைவிட இதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் இருப்பதாகப் படுகிறது.

நான் பார்க்க நினைப்பது வேறொரு சொல்லை. இத்திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஓயாமல் உச்சரிக்கிற சொல் அது: குடிமகன். 'குடிமக்கள் பங்கேற்பு', 'பொறுப்புள்ள குடிமகன்', 'குடிமக்களின் நடத்தை மாற வேண்டும்'. அகராதியைப் புரட்டினால் (எம்.ஏ. தமிழ் படித்ததுக்கு இதாவது உபயோகம்) 'குடிமகன்' நல்ல குடியில் பிறந்தவன், ஊருக்கு ஊழியம் செய்கிற சாதிக்காரனும் குடிமகன்தான், நாவிதனும் குடிமகன்தான். எங்க பக்கத்துக் கிராமங்களில் ஒரு பெரியவர் 'குடிமகனக் கூப்டு'ன்னா சிரைக்கவோ சாவுக் காரியத்துக்கோ ஆள் தேடுகிறார் என்று அர்த்தம். ஏவுகிறவனும் ஏவப்படுகிறவனும் ஒரே சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். பொலிவுறு நகரம் எந்தக் குடிமகனைக் கூப்பிடுகிறது?

பங்கேற்பிலிருந்து ஆரம்பிப்போம். கருத்துக் கேட்பு இணையத்தில் நடந்தது. காரியத்தை நடத்தியது கம்பெனிச் சட்டப்படி பதிவான நிறுவனம். தமிழ்நாட்டு மாநகராட்சிகளிலோ 2016 அக்டோபரோடு மன்றங்களின் காலம் முடிந்துபோனது. மறுபடி தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். அதாவது பணம் இறங்கி வேலை நடந்த ஆண்டுகளில் பெரும்பாலும் கவுன்சிலரே கிடையாது. குழாயில் தண்ணி வரலைன்னா குடத்தைத் தூக்கிக்கிட்டுப் போய்ச் சண்டை போட ஒரு கவுன்சிலர் வீட்டு வாசல் இருந்ததே, சேரிப் பெண்களுக்குத் தெரிந்த பங்கேற்பு அதுதான். அதை மூடி வைத்துவிட்டு 'செல்போனில் கருத்துச் சொல்லுங்கள்' என்றார்கள்.

அதுவும் முழு நகரத்துக்கு இல்லை. பழைய நகரில் 500 ஏக்கருக்கு மேற்பட்ட ஒரு துண்டைத் தேர்ந்து சீர்செய்தால் போதும் என்பது விதி. சென்னையில் தியாகராய நகர் அந்தத் துண்டாயிற்று. பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை போட்டு 2019 நவம்பரில் திறந்தார்கள். நடக்க வசதியானதுதான், மறுக்கவில்லை. எந்த இடம் கணக்கில் சேரும், எது சேராது என்று கோடு கிழிப்பதில் நமக்கு நீண்ட பயிற்சி உண்டு. இதே பட்டியலில் இருக்கும் தஞ்சாவூருக்குப் போய்ப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஊர்களின் நிலத்தை அளந்து, வரியில் சேராத பகுதிகளைக் கழிக்கிற வரிசையில் பறைச்சேரியும் சுடுகாடும் பக்கத்துப் பக்கத்தில் வரும். ஆயிரம் வருசத்துக் கணக்குப் பிள்ளைத்தனம்!

சரி, நடத்தைக்கு வருவோம். நல்ல குடிமகன் குப்பையைத் தரம்பிரிப்பான். தெருவில் குப்பை கிடந்தால் போட்டோ எடுத்து மாநகராட்சிக்கு அனுப்புவான். அத்தோடு அவன் கடமை தீர்ந்தது. அந்தப் போட்டோவுக்குப் பின்னால் ஓடி வந்து அள்ளுகிறவர் யார்? பெரும்பாலும் தலித்துகள், அதிலும் பெண்கள். அவர்களுக்கும் பொலிவுறு நகரம் ஒரு கருவி கொடுத்தது. சண்டிகரிலும் நாக்பூரிலும் துப்புரவுத் தொழிலாளர் மணிக்கட்டில் ஜிபிஎஸ் கடிகாரத்தைக் கட்டிவிட்டார்கள். எங்கே நிற்கிறாள், எவ்வளவு நேரமாய் நிற்கிறாள் என்று ஓர் அறையில் உட்கார்ந்து திரையில் பார்க்கலாம். சண்டிகர் தொழிலாளர்கள் இதை எதிர்த்துப் போராடினார்கள். ஒருத்தன் கையில் இருக்கும் கருவி ஊரைப் பார்க்கிறது, இன்னொருத்தி கையில் இருப்பது அவளையே பார்க்கிறது. அவள் ஒண்ணுக்குப் போகிற நேரமும் கணக்கில் ஏறுகிறது. இவளுடைய புகாரை எந்தப் பொத்தானை அமுக்கிச் சொல்வது?

பொத்தான் இல்லாதவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, 2025 ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகைக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்தார்கள். அதைவிடப் பெரிய குடிமக்கள் பங்கேற்பை அந்த மாளிகை சமீபத்தில் கண்டிருக்காது. ஆனால் நடைபாதை நடப்பதற்கு அல்லவா! பொதுமக்களுக்கு இடைஞ்சல் என்று வழக்குப் போனது. 'பொதுமக்கள்' என்ற கணக்கில் இவர்கள் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை வண்டியில் ஏற்றியது. அப்புறப்படுத்தினார்கள் என்று செய்தி வந்தது. குப்பைக்கும் அதே வினைச்சொல்தான்.

மறுநாள் அமைச்சரவை கூடித் துப்புரவுத் தொழிலாளர்களுக்குச் சில நலத்திட்டங்களை அறிவித்தது. காப்பீடு, கடன் உதவி எல்லாம் அதில் உண்டு. பத்திரிகைகள் பெரிதாய்ப் போட்டது இலவசக் காலை உணவை. அவர்கள் கேட்டது எங்களைத் தனியாரிடம் தள்ளாதே என்று. எங்க ஊரில் குடிமகன் வீட்டுப் பெண்கள் சாயங்காலம் சட்டியோடு தெருத்தெருவாய்ப் போவார்கள். அதுக்குப் பேரு ஊர்ச்சோறு.