வென்றவர் சின்னமும் தோற்றவர் கைவண்ணமும்

ஈரானின் வடமேற்கே, மலைகள் சூழ்ந்த ஏரிக்கரையில் உள்ளது தக்த்-இ-சுலைமான். சாசானியர் தீக்கோயில் இருந்த அவ்விடத்தில், மங்கோலிய மன்னன் அபாகா கான் 1270-களில் மாளிகை ஒன்றை எழுப்பினான். அதன் சுவர்களை அணிசெய்த மெருகு ஓடுகளே ஈண்டு நம் ஆய்வுக்குரியவை.

அவ்வோடுகளில் இரண்டு உருவங்கள் சிறந்து நிற்கின்றன: முகிலிடையே நெளியும் டிராகன், நீள்வால் விரித்துப் பறக்கும் பீனிக்ஸ். இரண்டும் சீனத்து அரசச் சின்னங்கள். மங்கோலியர் வழி வந்தவை. இதுகொண்டு, இஃது ஆள்வோரை மகிழ்விக்கப் பிறந்த இரவல் கலை என்று ஒதுக்கிவிடலாமா?

ஆகாது. களிமண்ணை அச்சில் அழுத்தி, விலங்கைப் புடைப்பாக எழச் செய்து, நீல மெருகூட்டிச் சுட்டு, பொன்தகடு பதித்து மீண்டும் சுட்ட கை ஈரானியக் குயவனுடையது. 1959-இல் தொடங்கிய ஜெர்மானியர் அகழாய்வில் சூளைகளும் அச்சுகளும் அங்கேயே கிடைத்தன. புடைத்த இடத்தில் ஒளி தங்க, தாழ்ந்த இடத்தில் நிழல் அடர, டிராகன் அசைவதுபோல் தோன்றுகிறது. ஓவியத்தில் கிட்டாத நயம் இது.

ஓர் அச்சில் பல வார்த்தமையால் விலங்குகளுக்குத் தனிமுகம் இல்லை என்பது மெய்யே. ஆயினும், இலண்டனிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகங்களில் உள்ள ஒற்றை ஓட்டைக் கண்டு குறை கூறுவது, ஒரு சீரைப் படித்துச் செய்யுளை மதிப்பிடுவதாகும். சுவர் முழுதும் நிறைந்தபோது அதுவே சந்தமாயிற்று.

அம்மாளிகையின் வேறு ஓடுகளில் பிர்தௌசியின் ஷாநாமா அடிகள் பொறிக்கப்பட்டிருந்தன. வாளால் வென்றவன் சுவரில் தோற்றவர் மொழி ஏறியது! உருவம் இரவலாயினும் உயிர் இரவலன்று.